பரிசோதனைச் சாலையும் அடுக்களையும்

உயிரிரசாயனம் என்றதும், அது வைத்தியர்களுக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தாருக்கும் உரிய விஷயம் என்று ஒதுங்கிவிடுவோர் நம்மிற் பலர். அவரை வித்தை ஏன் நன்றாக அவிக்கவேண்டும், பதநீரில் உடலுக்கு உகந்தது என்ன இருக்கிறது என்பனவும் அச்சாஸ்திரத்தின் கேள்விகளே. இத்தகைய கேள்விகளுக்குத் தம் ஆராய்ச்சியை அர்ப்பணித்த கமலா சோஹொனி அம்மையாரை இவ்வாரம் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்கிறோம்.

அம்மையார் 1911ஆம் ஆண்டு இந்தூரிற் பிறந்தவர். தந்தையாரும் அவர்தம் சகோதரரும் இரசாயன அறிஞர்கள். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பயின்றவர்கள். 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற கமலா, தாமும் அக்கழகத்திற் சேர விண்ணப்பித்தார். பெண் என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்தவர் அப்போது கழகத்தின் தலைவராயிருந்த சர் சி. வி. இராமன்.

கமலா வாளாவிருக்கவில்லை. நேரிற் சென்று காரணங் கேட்டார். ஈற்றில் நிபந்தனைகளுடன் இடங் கிடைத்தது. முதலாண்டு முழுவதும் அவர் பரீட்சார்த்த மாணவியாகவே கருதப்படுவார். ஆசிரியர் விரும்பினால் இரவிலும் வேலை செய்யவேண்டும். ஆய்வுகூடத்தின் சூழலைக் கெடுக்கலாகாது!

திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, 1930இல் நோபெல் பரிசு பெற்ற இராமன் நம்மவர். அவர் பெயரைச் சொல்லாமல் நாம் விஞ்ஞானப் பெருமை பேசுவதில்லை. எனினும், இவ்விடத்தில் அவர் செய்தது அநீதி என்பதை மழுப்பாமற் கூறவேண்டும். பட்டதாரியான ஓர் இளைஞனிடம் மூன்றாவது நிபந்தனையைச் சொல்ல எவர்தாம் துணிவார்? ஸ்ரீநிவாசையா என்னும் நல்லாசிரியரின்கீழ்ப் பால், பருப்பு, பயறு ஆகியவற்றின் புரதங்களைக் கமலா ஆராய்ந்தார். ஓராண்டின் பின் இராமன் திருப்தியுற்றார். பிற பெண்களுக்கும் கழகத்தின் கதவு திறந்தது. ஆனால் அந்த அவமதிப்பைத் தாம் மறக்கவில்லை என்று முதுமையிலும் அம்மையார் பகிரங்கமாகவே கூறினார். மறக்கவேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கும் உரிமையில்லை. விஞ்ஞானம் பயிலும் பெண்ணைப் பார்த்து, "மணமான பின் இதெல்லாம் எதற்கு?" என்று வினவும் பெரியோர் நம் கண்டி மாநகரிலும் இன்றும் உளர்.

பெங்களூரிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற கமலா, விற்றமின் ஆராய்ச்சிக்காக 1929இல் நோபெல் பரிசு பெற்ற ஹொப்கின்ஸின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கே உருளைக்கிழங்கை ஆராய்கையில், தாவர இழையங்களிலும் 'சைற்றோக்குரோம் சீ' என்னும் புரதம் இருப்பதைக் கண்டார். உயிரணுக்கள் உணவிலிருந்து சக்தியைப் பெறும் சுவாசத்தொடரில் இன்றியமையாதது இது. 1939இற் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. விஞ்ஞானத்தில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே என்று எழுதுவோர் உளர். தாவரவியலறிஞர் ஜானகி அம்மாள் 1931இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதனைப் பெற்றுவிட்டார். ஆகவே முதன்மை பற்றிய வாதத்தை விட்டு, ஆய்வேட்டின் பருமனை நம் மாணவர்கள் கவனிக்கட்டும். நாற்பதே பக்கங்கள்!

நாடு திரும்பியவர் புதுடில்லியில் லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரியிற் கற்பித்தார். பின்னர் தமிழ்நாட்டிற் குன்னூருக்கு வந்து, அங்கிருந்த போஷாக்கு ஆராய்ச்சிக் கூடத்தின் உதவித் தலைவரானார். நெல்லைப் புழுக்கும்போது விற்றமின் பீ-1 அரிசியின் உள்ளே ஊடுருவுவதால், தீட்டிய பின்பும் அது எஞ்சி நிற்கிறது என்ற உண்மையை ஆராய்ந்து விளக்கியோருள் அக்கூடத்தாரும் அடங்குவர். புழுங்கலரிசிச் சோறுண்ணும் நாம் அவர்களுக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

1947இல் மணமானபின் அம்மையார் பம்பாயிற் குடியேறி, அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தில் உயிரிரசாயனப் பேராசிரியரானார். அவருடைய வேலைகளுள் எம் மனத்தை மிகவுங் கவர்ந்தது பயற்றினங்களைப் பற்றியது. நாம் உண்ணும் புரதத்தைக் குடலிற் சமிபாடடையச் செய்யும் நொதியங்களுள் ஒன்று திரிப்சின். அவரை போன்றவற்றின் பச்சை வித்துக்களில் அந்நொதியத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. அம்மையாரும் அவர் மாணவரும் அவரை வித்திலிருந்து அத்தடைப்பொருளைப் பளிங்காகவே பிரித்தெடுத்து, 1955இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். இத்தகைய தடைப்பொருள்களின் வலிமை வெப்பத்தாற் பெரிதும் அழிகிறது. பயற்றை ஊறவைத்து நன்றாக அவிக்கவேண்டும் என்னும் பாட்டிமாரின் கண்டிப்புக்குப் பின்னே இத்தனை இரசாயனம் இருக்கிறது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் ரொட்டியும் சம்பலுமாகப் பொழுதுபோக்கும் குடும்பங்களுக்குப் பருப்பும் பயறும் கடலையுமே கைக்கெட்டும் புரதம். அதில் ஒரு பங்கு வீணாவதும் ஆகாததும் அடுப்பிலே தீர்மானமாகிறது.

இந்திய சனாதிபதி இராஜேந்திர பிரசாத்தின் தூண்டுதலால் அவர் 'நீரா' பற்றியும் ஆராய்ந்தார். நீரா என்பது புளிக்காத பனஞ்சாறு. யாழ்ப்பாணத்தார் முட்டியிற் சுண்ணாம்பிட்டு இறக்கும் கருப்பணிதான். நமது மலைநாட்டுக் கித்துள் நீரும் இதன் உறவே. போஷாக்குக் குறைந்த பழங்குடிச் சிறுவர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் நீராவைக் கொடுத்தபோது உடல்நிலை தேறியது. இப்பணிக்காகச் சனாதிபதி விருதும் கிடைத்தது. மலிவான உள்ளூர்ப் பானம் என்று நாம் இகழ்வதை அவர் இகழவில்லை.

1966இல் பம்பாயில் ஒன்பது பெண்கள் கூடி இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தை நிறுவினர். அம்மையாரும் அச்சங்கத்தில் ஊக்கமாக உழைத்தவர். உணவுக் கலப்படத்தைக் கண்டறிவதில் அச்சங்கம் ஈடுபட்டது. அதன் 'கீமத்' என்ற இதழில் அவர் இல்லத்தரசியருக்காகக் கட்டுரைகள் எழுதினார். கேம்பிரிட்ஜ் கலாநிதி மிளகாய்த் தூளையும் எண்ணெயையும் பற்றி எழுதுவதா என்று முகஞ் சுளித்தோரும் இருந்திருக்கலாம். எமக்கோ, உருளைக்கிழங்கிற் கண்ட உண்மைக்கு இது சிறிதும் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை.

அவரைப் பொதுமக்கள் வெகுவாக அறியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் தலைமைப் பதவியை வகித்த முதற் பெண்மணியான சத்தியவதி அம்மையார் இவரது வரலாற்றை அறிந்து வியந்து, 1998இல் புதுடில்லியில் ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். எண்பதைக் கடந்த கமலா அம்மையார் அவ்விழாவுக்கு வந்தார். விழாவிலேயே மயங்கி விழுந்தார். சில நாட்களிற் காலமானார்.