கைவிட்ட சித்திரமும் கண்ட துலாவும்

சென்ற ஆண்டு ஏழாந் தர வகுப்பிலே ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தபோது துலா என்னுஞ் சொல் வந்தது. அஃது யாதென ஒரு சிறுவன் எழுந்து வினவினான். தோட்டக் கிராமத்திற் பிறந்த பிள்ளையே எனினும், அவன் வினவியதில் வியப்பில்லை. அவன் பிறக்குமுன்னரே நீரிறைக்கும் இயந்திரம் துலாவைக் கிணற்றடியினின்றும் அகற்றிவிட்டது. நீரிறைக்கும் ஏற்ற மரம் என்று பொருள் கூறினேன். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல். அவன் முகம் தெளியவில்லை. வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் வரையத் தொடங்கினேன். ஆடுகால்களை நிறுத்தினேன்; குறுக்கே அச்சுலக்கையை இட்டேன். அதன்மேல் துலா எவ்வாறு பொருந்தும்? முன்னே எவ்வளவு நீளம், பின்னே எவ்வளவு? கை நின்றுவிட்டது. சிறு பராயத்தில் நாடோறுங் கண்ட பொருள். அதன் பெயரும் உறுப்புக்களின் பெயர்களும் நாவில் உள்ளன. வடிவம் மாத்திரம் மனத்தில் இல்லை. இருபதாண்டு தமிழ் கற்பித்தவனுக்கு இது சிறிய வெட்கம் அன்று.

ஒரு காலத்தில் நானும் சித்திரம் வரைந்தவனே. எமது கல்லூரியின் மேற்கு மதிலோரம் இருந்து மரமும் மாடும் வரைந்து ஒரு கொப்பி நிறைத்திருந்தேன். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பையில் ஏறின. கொப்பி மேசையிற் கிடந்தது. ஆறு மாதத்தின் பின் மீண்டபோது மேசையும் இல்லை. ஆயினும், சித்திரத்தை விட்டமைக்குப் போரின்மேல் முழுப் பழியையும் சுமத்துவேனாயின் பொய் சொன்னவனாவேன். தென்மராட்சியில் இருந்த நாளிலும் துண்டுப் பென்சில் கிடைக்காமற் போகவில்லை. சித்திரம் சோறு போடாது என்று பெரியோர் கூறினர், நானும் நம்பினேன். பின்னர் பரீட்சை, ஆசிரிய கலாசாலை, நியமனம், குடும்பம். அவ்வளவே.

கரும்பலகையிற் கை நின்ற அந்த வாரக் கடைசியில், உறவினர் ஒருவருடைய தோட்டத்தில் இன்னும் எஞ்சி நிற்குந் துலாவைத் தேடிப்போனேன். ஒரு மணி நேரம் இருந்து வரைந்த படம் பத்து வயதுப் பிள்ளையின் படத்தினுங் கீழாயிருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோதுதான் பயன் பிறந்தது. கிணற்றின் வாய் வட்டம் என்பதை அறிவேன். ஆதலால் வட்டமே வரைந்திருந்தேன். நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து நோக்கினாலோ அது வட்டமன்று. ஒடுங்கி நீண்ட முட்டை வடிவு. கை கண்ணுக்குப் பணியாது, மனத்திலுள்ள சொல்லுக்குப் பணிந்துவிட்டது. வளர்ந்தவர் வரைய இயலாமைக்குக் கைவராமை காரணமன்று. பெயர் தெரிந்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றோம் என்பதே காரணம்.

இதற்கு மருந்து பழையதுதான். கையை முழுதும் நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நீளங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளத்தல். அங்ஙனம் அளந்தபோது துலாவின் மெலிந்த நுனிப்பக்கம், நான் கரும்பலகையில் இட்டதினும் இரு மடங்கு நீளம் என்று கண்டேன். பருத்த அடிப்பக்கம் பின்னே குறுகிப் பாரமாய் நின்றது. இன்னொன்று, பொருளை விட்டுப் பொருள்களுக்கிடையேயுள்ள வெளியை வரைதல். ஆடுகாலுக்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு ஆடுகால்களுக்கு இடையே தெரியும் வானத் துண்டுக்குப் பெயரில்லை. பெயரில்லாத இடத்தில் மனம் குறுக்கிடுவதில்லை. கண் உள்ளபடி காண்கின்றது. அழிறப்பரை வீட்டில் வைத்துவிட்டுப் போதலும் நன்று. பிழையான கோடு தாளில் நின்றால்தான் அடுத்த கோடு எங்கே வரவேண்டுமென்பது தெரியும்.

நம் முன்னோர் எழுதுதல் என்னும் ஒரு சொல்லையே எழுத்துக்கும் ஓவியத்துக்கும் வழங்கினர். வண்ணம் தீட்டாது கோட்டளவில் நின்ற சித்திரத்துக்குப் புனையா ஓவியம் என்னும் பெயர் நெடுநல்வாடையில் உண்டு. இவற்றை வகுப்பிற் பலமுறை விளக்கியிருக்கிறேன், பென்சிலைத் தொடாமலே.

இந்த வயதில் ஏன் இந்த விளையாட்டு என்பார் உளர். 1861இற் பிறந்த தாகூர், தம் கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய கீறல்களை உருவங்களாக்கத் தொடங்கி, அறுபது வயதின் பின்னரே ஓவியத்தில் முழுமூச்சாய் இறங்கினார். 1930இல் பரிஸ் நகரில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் அமைத்த வின்சர் சித்திரக் கழகத்திற் பெரும்பாலும் ஆசிரியரே கூடினர். ஓவியர் அ. மாற்கு ஈடுபட்டிருந்த மன்றத்துக்கு விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்றே பெயர்; அப்பெயரைக் கேட்கும்போதே மனம் இலகுவாகின்றது.

கைத்தொலைபேசியிற் படம்பிடிக்கலாமே என்பது மற்றொரு வாதம். அதே துலாவை நானும் பதினான்கு படம் பிடித்து வைத்திருக்கிறேன். கிணற்று வாய் முட்டை வடிவென்பதை அவற்றுள் ஒன்றேனும் எனக்குக் கற்பிக்கவில்லை.

ஆறாந் தரத்தில் அழகியற் பாடம் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது, சங்கீதம் எடுத்த பிள்ளை சித்திரத்தோடு உறவறுத்துக்கொள்கின்றது. பாடத்திட்டத்தை மாற்றுவது என் போன்றோர் கையில் இல்லை. தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் தத்தம் வகுப்பிற் கோணலாகவேனும் வரைந்து காட்டுதல் நம் கையில் உண்டு. மருத்துவராயும் கணக்காளராயும் கடல்கடந்து வாழும் பழைய மாணவ நண்பர்களும் ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்குவாராக. கண்காட்சி வேண்டாம், முகநூலில் இடவும் வேண்டாம்.

என் நான்காவது படத்தை அச்சிறுவனிடங் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். கயிறு நுனியில் எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றது என்று கேட்டான். அதனை நான் பார்க்கவில்லை. வருஞ் சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.