பழைய நாற்காலியை எடைக்குப் போடலாமா?

தீபாவளி நெருங்கும் நாட்களில் மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் இரண்டு வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, கடையிலிருந்து புதுக் கட்டிலும் அலமாரியும் ஏற்றி வரும் டெம்போ. மற்றொன்று, பழைய நாற்காலியையும் டிரங்குப் பெட்டியையும் எடைக்கு வாங்கிப் போகும் பங்கார்வாலாவின் கைவண்டி. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கு பார்த்தாலும் இதே காட்சிதான். முதல் வண்டி கடனை இறக்கிவிட்டுப் போகிறது. இரண்டாவது வண்டி கைமுதலை ஏற்றிக்கொண்டு போகிறது.

புதிய சாமான் வாங்குவதே குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பட்டறையிலும் அலுவலகத்திலும் நாளெல்லாம் உழைத்துவிட்டுத் திரும்புகிறவர், வீடு லட்சணமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமே. ஆனால் அந்த லட்சணத்துக்குத் தவணைக் கடன் ஒன்றுதான் வழியா? கையில் இருக்கும் சாமானை மராமத்துச் செய்து, மெருகு ஏற்றி, மறுபடியும் புழங்க முடியாதா? தாராளமாக முடியும். மும்பை போன்ற ஊரில், புதிதைவிட அதுவே பல வருடம் கூடுதலாக உழைக்கும்.

தவணைக் கணக்கு

ஓர் உதாரணம் பார்க்கலாம். விலை 24,000 ரூபாய் என்று எழுதிய ஓர் அலமாரி. மாதம் 2,000 வீதம் 12 தவணை. வட்டி கிடையாது என்று விளம்பரம். வட்டி இல்லாமல் கடன் கொடுக்க யாரும் தர்மசத்திரம் நடத்தவில்லை. ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைப்பதில்லை. பரிசீலனைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை பிடிப்பதும் உண்டு. வட்டி வேறு பெயரில் வருகிறது, அவ்வளவுதான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியிருக்கிறது.

தீபாவளிக்குத் தொடங்கிய 12 தவணை அடுத்த தீபாவளி வரை இழுக்கும். நடுவில் ஜூன் மாதம் வரும். பள்ளிக்கூடக் கட்டணம், புத்தகம், சீருடை, மழைக்கோட்டு எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். மே மாதம் ஊருக்குப் போய்வந்த செலவும் அதோடு சேர்ந்திருக்கும். அப்போது தவணை ஒரு ரூபாய்கூடக் குறையாது. தவறினால் அபராதம். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்பும் பணம்தான் குறையும். மும்பையில் நிற்கும் அலமாரிக்குத் திருநெல்வேலியில் இருப்பவர்கள் விலை கொடுக்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

வீடு மாறும்போது தெரியும்

சொந்த வீடு இல்லாதவர்கள் மும்பையில் பெரும்பாலும் 11 மாத 'லீவ் அண்டு லைசென்ஸ்' ஒப்பந்தத்தில் குடியிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். கட்டுப்படியாகாதவர் கல்யாணுக்கோ அம்பர்நாத்துக்கோ தள்ளிப் போவார். அப்போதுதான் சாமானின் குணம் வெளிப்படும்.

மலிவு விலையில் வரும் புது அலமாரிகளில் பெரும்பாலானவை மரத்தூள் பலகையால் ஆனவை. மரச்சீவலையும் தூளையும் பசையில் கலந்து அழுத்தி, மேலே மரம்போலத் தோன்றும் மெல்லிய தாளை ஒட்டியிருப்பார்கள். கழற்றி மாட்டும்போது திருகாணி இருந்த துளை உதிரும். அதே துளையில் திருகாணி மறுபடி இறுகாது. இரண்டு வீடு மாறுவதற்குள் கதவு தொங்கிவிடும். நல்ல மரத்தில் துளை பெரிதாகிவிட்டால், ஒரு மரக்குச்சியில் பெவிகால் தடவி அதில் அடித்துவிட்டு, காய்ந்ததும் புதிய துளை போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மழை. மரத்தூள் பலகை தண்ணீரைக் குடித்து உப்பும். ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்கு வராது. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாள் எப்போதோ ஒன்று வருவது. ஆனால் தரைத்தள வீடுகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நுழைவது அபூர்வமல்ல. தேக்கு நாற்காலியும் இரும்புப் பீரோவும் நனைந்தால் துடைத்துக் காயவைத்து மீட்டுவிடலாம். தூள் பலகையை மீட்க முடியாது.

எது தேறும், எது தேறாது

பழையதெல்லாம் பொன் என்று நினைப்பதும் தவறு. நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்து, தட்டினால் மாவாகக் கொட்டினால் அது உளுத்த மரம். கால்களும் சட்டமும் மாவாகிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். ஆட்டம் காண்பது வேறு விஷயம். அது பசை விட்ட கோளாறு. சரி செய்யக்கூடியது.

வெளியில் வாங்கும் பழைய சாமானில் மூட்டைப்பூச்சி பெரிய தொல்லை. மூட்டுகளிலும் நாடா மடிப்பிலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பழைய மெத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இரும்புக் கட்டில் என்றால் கொதிக்கும் தண்ணீரை இடுக்குகளில் ஊற்றிச் சுத்தம் செய்யலாம்.

துறைமுகச் சரக்கோடு வரும் பைன் மரத் தட்டுகளை வாங்கிப் பிரித்து அலமாரித் தட்டு செய்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அந்த மரத்தில் கதிர்ப் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்று இருந்தால் வெப்பத்தால் பக்குவம் செய்தது. 'எம்.பி.' என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. அதைத் தொட வேண்டாம்.

செய்முறை

பெவிகால் சந்தைக்கு வந்தது 1959இல், இதே பம்பாயில். அதற்கு முந்திய காலத்து நாற்காலிகள் வஜ்ஜிரத்தால் ஒட்டப்பட்டவை. ஆடும் மூட்டில் சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தால் வஜ்ஜிரம் இளகும். மூட்டைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட வேண்டும். பழைய பசையின்மேல் புதிய பசை பிடிக்காது. நன்றாகக் காய்ந்தபின் பெவிகால் தடவிப் பொருத்தி, கயிற்றால் சுற்றிக் கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கினால் இறுகும். ஒரு நாள் முழுதும் அசைக்கக் கூடாது.

பிறகு உப்புத்தாள். முதலில் 80ஆம் நம்பர், அடுத்து 120, கடைசியில் 220. மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். சின்னத் துளைகளை மரத்தூளில் பெவிகால் குழைத்து அடைக்கலாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் அளவு அவலரக்கை ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டினால் பிரெஞ்சு பாலிஷ் தயார். பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லியதாகப் பல தடவை பூச வேண்டும். சாப்பாட்டு மேஜையின் மேற்பலகைக்கு மட்டும் இது உதவாது. சூடான காப்பி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அதற்கு வார்னிஷ் பூசுவதே நல்லது.

இரும்புப் பீரோ இன்னும் சுலபம். கோத்ரெஜ் நிறுவனம் மும்பையில் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923இல். நல்ல கனமான தகட்டில் செய்த பீரோ மூன்று தலைமுறை நிற்கும். துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷாலும் எமரித் தாளாலும் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து ஓர் இரவு காயவிட வேண்டும். பிறகு எனாமல் பெயிண்ட் மெல்லியதாக இரண்டு கோட்டிங். கனமாக ஒரே கோட்டிங் அடித்தால் வழிந்து நிற்கும். பீரோவின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திவிட்டால் மழைத்தண்ணீர் தொடாது. இதற்கான சாமான்கள் எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் ஆகும்.

டிரங்குப் பெட்டியும் அப்படியே. துரு நீக்கி வர்ணம் அடித்து, மேலே திண்டு போட்டால் இரண்டு பேர் உட்காரும் ஆசனம். உள்ளே குளிர்காலப் போர்வை வைக்கலாம். திண்டுக்குப் பழைய புடவை போதும். மராட்டியப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் 'கோதடி' மிக அழகானது. பக்கத்து வீட்டு ஆஜியிடம் கேட்டால் ஆசையாகச் சொல்லிக் கொடுப்பார்.

அவசியமான எச்சரிக்கை

பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டித் தேய்ப்பது ஆபத்து. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. அது அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்பு அடித்த வர்ணத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆகவே வர்ணம் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை நீக்காமல் லேசாகத் தேய்த்து மேலேயே அடித்துவிடலாம். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்க்க வேண்டும். முகமூடி அணிய வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தின்னரும் ஸ்பிரிட்டும் தீப்பிடிப்பவை. ஒரே அறையில் சமையலும் நடக்கும் வீட்டில் அடுப்பு எரியும்போது இவற்றைத் திறக்கவே கூடாது.

மழைக்காலத்தில் பாலிஷ் வேலை ஆகாது. ஈரக்காற்று பட்டால் பாலிஷ் வெளுத்துப்போகும். தசராவுக்குப் பிறகு தொடங்கி ஹோலிக்குள் முடிப்பதே தோது.

நேரம் எங்கே?

காலை 7 மணி லோக்கலைப் பிடித்து இரவு 9 மணிக்குத் திரும்புகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டியதில்லை. மூட்டு வேலையும் அறுப்பு வேலையும் தச்சருக்கு உரியவை. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்கலாம். தேய்ப்பதும் வர்ணம் அடிப்பதும்தான் நாளைத் தின்னும் வேலை. அதை வீட்டார் சேர்ந்து செய்தால் கூலியில் பெரும்பகுதி மிச்சம். ஒரு நாற்காலிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கிடைக்கும் வீடு 300 சதுர அடி. பழைய வீடுகள் அதைவிடச் சிறியவை. கடையில் செய்துவைத்த அளவுக்கு அந்த வீடு விரிந்து கொடுக்காது. கையில் இருக்கும் மேஜையை வீட்டுக்குத் தக்கபடி குறைக்கலாம். கீல் வைத்து மடக்கும்படி செய்யலாம்.

கௌரவம் யாருக்கு?

உண்மையில் தடையாக நிற்பது நேரமோ பணமோ அல்ல. ஊரிலிருந்து மாமனாரும் மச்சானும் வருவார்கள், பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், பழைய சாமானைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான் தடை. மும்பைக்குப் போனவன் நன்றாக இருக்கிறான் என்று காட்டுவதற்காகவே பாதித் தவணைகள் ஓடுகின்றன.

ஆனால் பங்கார்வாலா வாங்கிப்போகும் பழைய தேக்கு சாமான்கள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். சோர் பஜாரின் மட்டன் தெருவுக்கும், ஜோகேஸ்வரி மேற்கில் உள்ள ஓஷிவாரா மரச்சாமான் சந்தைக்கும் ஒரு நடை போய்வந்தால் தெரியும். கிலோ கணக்கில் கைமாறிய நாற்காலிகள் அங்கே உப்புத்தாளும் பாலிஷும் கண்டு, பல மடங்கு விலைச்சீட்டோடு நிற்கின்றன. வசதியுள்ளவர்கள் அவற்றைத் தேடி வந்து வாங்குகிறார்கள். சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். பணக்காரர் வரவேற்பறையில் பெருமையாக நிற்கும் நாற்காலி, அதே தேக்கில் செய்த நாற்காலி, உழைப்பாளி வீட்டில் மட்டும் எப்படி அவமானமாகும்?

வருகிற உறவினர் அலமாரியின் பளபளப்பை ஒரு நாள் பார்ப்பார். தவணையை அந்த வீட்டார் ஒரு வருடம் பார்க்க வேண்டும். மகனும் மகளும் சேர்ந்து தேய்த்து வர்ணம் அடித்த நாற்காலியில் அதே உறவினரை உட்காரவைத்து, இது எங்கள் கைவேலை என்று சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை.

ஆகவே இந்தத் தீபாவளிக்குத் தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பழைய நாற்காலியை ஒருமுறை கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்துவிட வேண்டும். உளுத்திருந்தால் எடைக்குப் போடலாம். மரம் கெட்டியாக இருந்தால், பங்கார்வாலாவை அனுப்பிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் நாலு உப்புத்தாள் வாங்கி வரட்டும்.