கம்பெனி கேட்காத கேள்வி

காசநோய் கண்டவன் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தால்தான் பிழைப்பான் என்று ஒரு காலத்தில் நிபுணர்கள் சொன்னார்கள். கூலிக்காரன் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா?

1956-ல் சென்னையில் பொதுப் பணத்தில் ஒரு சோதனை தொடங்கியது. 193 ஏழை நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் தங்கள் நெரிசல் வீட்டில். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. 1959-ல் விடை வந்தது: வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது.

ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புதிதாக நோய் காண்பது சுமார் 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் முடிவு வெளியாயிற்று.

தோழர்களே! அரிசி பருப்பில் மருந்துக் கம்பெனிக்கு லாபம் ஏது? அது இந்தக் கேள்வியைக் கேட்காது. சர்க்கார்தான் கேட்க வேண்டும். விடை கிடைத்தால் அமல்படுத்தவும் வேண்டும். இன்று நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். வீட்டாரின் உணவோ தனவான்களின் தயவை நம்பி நிற்கிறது.

நிரூபணமானதை உரிமையாக்கு! புதியம்புத்தூர் தையல் தொழிலாளியின் முதுகுவலிக்கும், ஆலைத் தொழிலாளியின் பஞ்சுத் தூசி இருமலுக்கும் எது பலிக்கும் என்று சிறிய அளவில் சோதிக்க ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் பணம் ஒதுக்கு! சங்கக் கூட்டந்தோறும் இதை நாம் கேட்போம்.