பாட்டிக்கு எத்தனை செகண்ட்?

தூத்துக்குடியில ரோட்டைக் கடக்கிறது தனி வித்தை மக்கா! இந்தப் பக்கம் உப்பு லாரி, அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போற 40 அடி கன்டெய்னர். நடுவுல மீன்கூடையோட ஒரு பாட்டி. அவங்களுக்கு எத்தனை செகண்ட் கொடுக்கணும்?

இதைக் கணக்குப் போட்டு விதியா எழுதுறதே ஒரு வேலை. பேரு, டிராஃபிக் இன்ஜினீயரிங். நடக்கிறவர் செகண்டுக்கு 4 அடி போவார்னுதான் அமெரிக்க சிக்னல் கையேடு ரொம்ப நாளா கணக்கு வச்சிருந்தது. வயசானவங்களுக்குக் கால் அவ்வளவு ஓடாதேன்னு 2009-ல அதை 3.5 அடியாக் குறைச்சாங்க. அரை அடிதானேன்னு நினைக்காதீங்க. 42 அடி ரோட்டுக்கு பத்தரை செகண்ட் 12 ஆகுது. பாட்டி கரை சேர்றது அந்த ஒன்றரை செகண்ட்லதான்!

ஹைவே விதி எங்க தெருவுக்கு ஒத்து வராதுன்னு, 2013-ல அமெரிக்க நகரங்களோட கூட்டமைப்பான நாக்டோ தனிக் கையேடே போட்டுது. தெருமுனை வளைவைச் சின்னதா வைங்கன்னு அது சொல்லுது. பெரிசா வச்சா கார், பைக் எல்லாம் வேகம் குறைக்காமத் திரும்பும். கடக்கிற தூரமும் கூடும்.

நம்ம ஊர்ல இங்கதான் சிக்கல். வளைவு சின்னதானா கன்டெய்னரோட பின்சக்கரம் பிளாட்பாரத்துல ஏறும். அப்போ எந்த முனை லாரிக்கு, எந்த முனை பாட்டிக்குன்னு முதல்ல பிரிக்கணும். அமெரிக்கப் புத்தகத்துக்கு இது தெரியாது. இங்க நடக்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

சிவில் மாணவர்களே, இந்திய சாலை காங்கிரஸோட 2012 விதிப்படி நடைபாதையில தடையில்லாம 1.8 மீட்டராவது வேணும். ஞாயித்துக்கிழமை ஒரு டேப்போட கிளம்புங்க. உங்க தெருவுல எவ்வளவு இருக்குன்னு அளந்து பாருங்க!