அளவுகோலும் அன்றாட இசையும்

ஒருவருக்கு இசை என்ன நன்மை செய்தது என்று அளக்கப் புகுவோர், அவ்விசை அவர் வாழ்வில் முன்னரே என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கேட்டறிய வேண்டாமா? ஓட்டிசமுடையோர்க்கு அளிக்கப்படும் இசைச் சிகிச்சை பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்குந்தோறும் இவ்வினாவே என் உள்ளத்தில் எழுகின்றது.

ஓட்டிசத்துக்கும் இசைக்குமுள்ள உறவு இன்று நேற்றுக் கண்டதன்று. 1943இல் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, ஒரு வயதிற் பல மெட்டுக்களைப் பிழையின்றிப் பாடிய சிறுவன் ஒருவனைக் காண்கிறோம். ஆனால், சிகிச்சையின் பயனை அளக்கும்போது இவ்வியல்பான உறவு மறக்கப்படுகின்றது.

2017இல் ஒரு பெருஞ்சோதனையின் முடிவு வெளியாயிற்று. 9 நாடுகளைச் சேர்ந்த, 4 முதல் 7 வயது வரையான 364 பிள்ளைகள் அதிற் பங்குகொண்டனர். ஐந்து மாதச் சிகிச்சையின் பின்னரும், சமூக உறவு பற்றிய குறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. 26 ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய 2022ஆம் ஆண்டுக் கொக்ரேன் மதிப்பீடோ, பொதுவான முன்னேற்றமும் வாழ்க்கைத் தரத்தில் உயர்வும் ஏற்படக்கூடும் என்றது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடையும் அமைகின்றது போலும்!

2009இல் அலன், ஹில், ஹீற்றன் என்போர் ஓட்டிசமுடைய வளர்ந்தோர் 12 பேரிடம் நேரே வினவினர். மனநிலையைச் சீர்செய்யவும், பிறரோடு ஒன்றவும் தாம் இசையைக் கையாள்வதாக அவர்கள் கூறினர். எவரும் கற்பியாமலே தமக்குத் தாமே மருத்துவராயினர் அவர்கள்.

ஒரே பாடலை ஒரு பிள்ளை நாற்பது முறை கேட்டால் பிடிவாதம் என்கிறோம். இரைச்சல் மிக்க உலகில் அப்பாடல் அவனுக்கு ஊன்றுகோலாயிருக்கலாம். அதனை அறியாது, அப்பாடலையே பாடப்பயிற்சியாக்கினால், அவனுடைய புகலிடத்தைப் பறித்தவர்களாவோம்.

ஆதலின் சிகிச்சையாளர் முதலிற் கேட்க வேண்டியவை எளியனவே. எந்தப் பாடல்? எந்த வேளையில்? தனித்தா, யாருடனா? எந்த ஒலி துன்பந் தருகின்றது? இடையில் நிறுத்தினால் என்ன நேர்கின்றது? பேசாத பிள்ளையாயின் தாயும் ஆசிரியரும் உடனிருந்து கண்டு சொல்லலாம்.

வீட்டு வழக்கத்தை எண்ணால் அளக்கவியலாது, ஒருவரோடொருவரை ஒப்பிடவும் முடியாது என்பர் சிலர். உண்மையே. ஆயினும் அளத்தற்கு எளியது என்பதனால் ஒன்று முதன்மை பெற்றுவிடாது. எண்ணும் இருக்கட்டும், அதன் அருகே அம்மனிதனின் சொல்லும் இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணிநேரமே சிகிச்சை அறைக்குரியது. எஞ்சிய நேரமெல்லாம் வாழ்க்கைக்குரியது. அங்கே பயன்படாத இசையை மருந்தென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.