பெயர் வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்

2024 ஜூலை 30. பட்ஜெட் விவாதத்துக்குப் பதில் சொல்ல மக்களவையில் எழுந்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். ஆந்திரத் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய், பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி ரூபாய் என்று பட்டியல் போட்ட உரையில் தமிழ்நாட்டின் பெயர்கூட வரவில்லையே என்று எதிர்க்கட்சிகள் ஒரு வாரமாகக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தன. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைக் கண்டித்து நிதி ஆயோக் கூட்டத்துக்கே போகவில்லை. உரையில் பெயர் வராததால் ஒரு மாநிலத்துக்குப் பணம் போகாது என்று ஆகிவிடுமா என்று திருப்பிக் கேட்டார் அமைச்சர். 2004-05 பட்ஜெட் உரையில் 17 மாநிலங்களின் பெயர் இல்லை, அன்று அவற்றுக்குப் பணம் நின்றுபோனதா என்பது அவரது வாதம்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அந்த 2004 பட்ஜெட்டைப் படித்தவர் ப.சிதம்பரம், அந்த அரசில் தி.மு.க.வும் இருந்தது. ஒன்றரை மணி நேர உரையில் எல்லா மாநிலங்களையும் கூப்பிட்டு முடிக்க எந்த அமைச்சராலும் ஆகாது. வரிப் பகிர்வு நிதிக்குழு வகுத்த கணக்குப்படி போகிறது. திட்டப் பணம் அந்தந்தத் துறை வழியாகப் போகிறது. இதெல்லாம் உண்மை.

ஆனால் அவரே ஆறு நாள் முன்பு மாநிலங்களவையில் இதைவிட நல்ல பதிலைச் சொல்லியிருந்தார். மகாராஷ்டிரத்தின் பெயரைத்தான் நான் சொல்லவில்லை, ஆனால் வாத்வான் துறைமுகத்துக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அமைச்சரவை போன மாதமே ஒப்புக்கொண்டதே என்றார். இடம் தெரிகிறது, தொகை தெரிகிறது, முடிவெடுத்த மாதம் தெரிகிறது. கேட்பவர் சரிபார்க்கலாம்; ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்க்கவும் செய்யலாம். இந்த மாதிரிப் பதில்தான் திருப்பூர்க்காரர்களான எங்களுக்கும் வேண்டும்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில் இருக்கும் வீரபாண்டியை எடுத்துக்கொள்வோம். 2011-ல் மாநகராட்சியோடு சேரும்வரை ஊராட்சியாக இருந்த ஊர். இங்கே ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம். கட்டிங் முடிந்து தைப்பதற்குப் பவர் டேபிளுக்குப் போய், பிரிண்டிங், செக்கிங், அயர்ன் என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க்குக்கும் துணி குட்டியானை வண்டியில் ஏறி இறங்குகிறது. கன்டெய்னர் கதவு மூடுவதற்குள் அந்தத் துணி ஊருக்குள்ளேயே பல முறை பயணம் செய்துவிடும். ஆகவே இங்கே சாலை என்பது தொழிற்சாலையின் ஒரு பகுதி. ஒரு தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடந்தால் ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளிக்கு அன்றைய கூலி குறைகிறது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் திருப்பூரின் நிலை இது.

இந்த ஊருக்கு அடிப்படை வசதி வந்த வரலாறு கசப்பானது. தொழிலுக்குத் தண்ணீர் இல்லாமல் டேங்கர் லாரிகளையே நம்பியிருந்த காலத்தில், 1995-ல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அரசும் தனியாரும் தொழில்துறையும் சேர்ந்து சுமார் 1,000 கோடி ரூபாய் செலவில் பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். நாடே திரும்பிப் பார்த்தது. சாயப்பட்டறைக்குள் போகும் தண்ணீர் வெளியே வரும்போது எங்கே போகும் என்ற கேள்விக்கு மட்டும் யாரும் சரியான வழி செய்யவில்லை. அது நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. கீழே இருந்த விவசாயிகள் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று போராடினார்கள். அணை கட்டிய நாட்டில் இப்படி ஒரு போராட்டம் நடந்ததை நாம் மறக்கக் கூடாது.

இதற்கு முடிவு கட்டியது எந்த அவையும் இல்லை, நீதிமன்றம். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அதன்பிறகுதான் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு நடைமுறைக்கு வந்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கைதூக்கியது; பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் பட்டறைக்காரர்கள். இன்று வீரபாண்டி உட்பட 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. சாய நீரில் பெரும்பகுதி திரும்பவும் சாயத்துக்கே வருகிறது. மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டை மூட்டையாகக் கட்டி ஷெட்டுகளில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். உலகத்துக்கே முன்மாதிரி என்று டெல்லியில் பெருமையாகப் பேசப்படும் ஊரில் அந்த மூட்டைகளுக்கு ஒரு வழி பிறக்கவில்லை.

மத்திய அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. திருப்பூரின் நான்காம் குடிநீர்த் திட்டத்தில் மத்திய அரசின் அம்ருத் திட்டப் பணம் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் 2017-லேயே இடம் கிடைத்தது. ஆனால் தொழிலாளர்களும் முதலாளிகளும் கட்டும் பணத்தில் நடக்கும் இ.எஸ்.ஐ.யின் 100 படுக்கை மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அது திறக்க 2024 ஆகிவிட்டது. மாநில அரசுகளின் கதையும் வேறில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவசாயிகள் கேட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தது. அடிக்கல் யாருடையது, திறப்பு யாருடையது என்று இரு கழகங்களும் போட்ட சண்டையில் அந்த நீண்ட காத்திருப்புக்கு ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

வாத்வான் பதிலுக்கு இணையான ஒரு கேள்வி எங்களிடம் இருக்கிறது. திருப்பூரின் கன்டெய்னர்களில் பெரும்பகுதி சாலை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறது. பெரிய தாய்க்கப்பல்களுக்கு அங்கே இடம் போதாததால் சரக்கு கொழும்பு போன்ற துறைமுகங்களில் கப்பல் மாறுகிறது. அதனால் நாளும் போகிறது, காசும் போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஒரு பனியனுக்கு நாலணா மிச்சம் பிடிக்க முடியுமா என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு இந்த நஷ்டம் எவ்வளவு பெரியது என்று தெரியும். தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கு 7,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. முதல் தாய்க்கப்பல் எந்த ஆண்டு வரும்?

பட்ஜெட் விவாதத்தில் இப்படிக் கேட்டால் சொற்பொழிவுதான் பதிலாக வரும். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்துவிட்டால் அமைச்சருக்கு இன்னும் வசதி. கேள்வி நேரம் அப்படியில்லை. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வி உண்டு. செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் அது அரசு உறுதிமொழிக் குழுவின் பார்வைக்குப் போகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி.

பனியன் தொழில் நடக்கும் பகுதி மூன்று மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது: திருப்பூர், பல்லடம் அடங்கிய கோவை, அவிநாசி அடங்கிய நீலகிரி. 2024-ல் மூன்றிலும் ஜெயித்தது ஒரே கூட்டணி. மூன்று உறுப்பினர்களும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுக்கட்டும்: கலப்பு உப்பை அகற்றும் வழிக்கு மத்திய அரசு எவ்வளவு தரும், எப்போது தரும்? தூத்துக்குடி வெளித்துறைமுகம் எந்த ஆண்டு முடியும்? தொகுதிக்கு அவர்கள் வரும்போது, இந்தக் கேள்விகளைக் கொடுத்துவிட்டீர்களா என்று வாசகர்கள் நேரில் விசாரியுங்கள்.