பச்சை சைக்கிளுக்கு என்ன விலை?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல க்ரைம் கதை ஓடாத ஹாஸ்டல் ரூம் குறைவு. கேட்கிறதுல தப்பே இல்ல மக்களே. ஆனா வெளிநாடுகளில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். கொலையோடு தொடர்புள்ள பொருளைத் தேடிப்பிடித்து, காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். 2001-ல் ஈபே இந்த மாதிரி விற்பனைக்குத் தடை போட்டது. வியாபாரம் வேறு தளங்களுக்கு மாறியதே தவிர, நிற்கவில்லை. இதில் என்ன பிரச்சினை என்று புரிய ஒரே ஒரு சைக்கிள் போதும்.

1919 ஜூலை 5, இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்குப் பக்கத்துக் கிராமச் சாலை. 21 வயது பெல்லா ரைட், ரப்பர் தொழிற்சாலைத் தொழிலாளி. உறவினர் வீட்டுக்கு சைக்கிளில் போய்த் திரும்பியவர் வழியில் பிணமாகக் கிடந்தார். முதலில் விபத்து என்றே நினைத்தார்கள். ஆல்ஃபிரட் ஹால் என்ற கான்ஸ்டபிளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மறுநாள் அதே இடத்தில் தேடி ஒரு துப்பாக்கிக் குண்டை எடுத்தார். முகத்து ரத்தத்தைக் கழுவிப் பார்த்தபோது காயம் தெரிந்தது. அன்று மாலை பெல்லாவோடு பச்சை சைக்கிளில் ஒருவர் வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

1920 பிப்ரவரியில், கால்வாயில் போன படகின் இழுவைக் கயிற்றில் ஒரு பச்சை பிஎஸ்ஏ சைக்கிள் மாட்டியது. நம்ம ஊர் சைக்கிளில் பார்க்கிற அதே பெயர்தான். விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. சீரியல் நம்பரை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். ஆனா முன் ஃபோர்க்கின் உள்ளே 103648 என்ற எண் தப்பித்திருந்தது. மெக்கானிக்கல் மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்!

அந்த எண் ரொனால்ட் லைட் என்பவரிடம் கொண்டுபோய் விட்டது. முன்னாள் ராணுவ அதிகாரி, அப்போது கணக்கு வாத்தியார். கால்வாயில் துப்பாக்கி உறையும் தோட்டாக்களும்கூடக் கிடைத்தன. சைக்கிள் தன்னுடையதுதான், பெல்லாவோடு போனதும் உண்மை, கால்வாயில் போட்டதும் தானே என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டார். சுட்டதை மட்டும் மறுத்தார். அவ்வளவு பெரிய குண்டு பக்கத்திலிருந்து பாய்ந்திருந்தால் காயம் இத்தனை சிறிதாக இருக்குமா என்று அவருடைய வக்கீல் மார்ஷல் ஹால் கேட்டார். 1920 ஜூனில் ஜூரி லைட்டை விடுவித்தது. வேறு யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

இப்போ இந்த சைக்கிள் ஏலத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். "பழைய பிஎஸ்ஏ" என்று எழுதினால் பழைய சைக்கிள் விலைதான் கிடைக்கும். "கொலைகாரன் ஓட்டிய சைக்கிள்" என்று எழுதினால் விலை எங்கேயோ போகும். ஆனா அது நிரூபணம் ஆகவே இல்லையே! 103648 என்ற எண் சொல்வது யாருடைய சைக்கிள் என்பதை மட்டும்தான். யார் சுட்டார் என்று அது சொல்லாது. அப்படியென்றால் வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிற காசு எதற்கு? கோர்ட் ஏற்காத ஒரு கதைக்கு.

"வரலாற்றுப் பொருளைத் தூக்கிப் போடச் சொல்றியா?" என்று கேட்பீர்கள். இல்லை. மியூசியத்தில் வையுங்கள். தேய்த்த நம்பரையும் தப்பித்த நம்பரையும் காட்டுங்கள், தீர்ப்பையும் எழுதுங்கள். தடயவியலுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தனி ஆள் வீட்டு ஷோகேஸில் அது வெறும் பெருமைதான்.

இன்னொரு விஷயம். நூறு வருஷமாக இதை 'பச்சை சைக்கிள் வழக்கு' என்றுதான் சொல்கிறார்கள். செத்துப்போனவள் பெயர் தலைப்பிலேயே இல்லை. பொருளுக்கு மவுசு கூடக் கூட ஆள் மறைந்துபோகிறாள். அடுத்த தடவை ரூமில் இந்தக் கதை வந்தால், பெல்லா ரைட் வழக்கு என்றே ஆரம்பியுங்கள். அதுக்கு ஒரு பைசா செலவில்லை.